குறைந்த செலவில் வாழ்க்கை, நிறைய வாசிப்பு: பாலக்காட்டு எல்லைத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமுமாக வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். வாசகசாலைக்கு வருகிறவர்களும் சந்தையில் நிறுத்திப் பேசுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் இந்த ஊருக்கு, இந்த வருமானத்துக்கு, இந்த இரண்டு மொழிக்குப் பொருந்துகிறவை.

வாசிப்பையும் சிக்கனத்தையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்? இரண்டும் வேறு வேறுதானே?

இரண்டுக்கும் தேவைப்படுவது அதே சாயங்கால நேரம். தவணைக்குப் பொருள் வாங்கியவர் தவணை கட்டுவதற்காக ஓவர்டைம் பார்க்கிறார். ஓவர்டைம் முடிந்து வந்தால் சமைக்கத் தெம்பில்லை, பார்சல் வாங்குகிறார். பார்சலுக்குப் போன காசை ஈடுகட்ட அடுத்த வாரமும் ஓவர்டைம். இதில் புத்தகத்துக்கு எங்கே இடம்?

அதனால் சிக்கனத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அது எனக்கு நேரத்தைத் திருப்பித் தருகிறதா? பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் அலைய வைக்கும் சிக்கனத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. கீழே வரும் எல்லா பதிலுக்கும் அடியில் இருப்பது இந்த எண்ணம்தான்.

எங்கள் பக்கத்தில் புத்தகம் எங்கே கிடைக்கும்? வாங்கத்தான் வேண்டுமா?

வாங்கவே வேண்டாம், முதல் ஒரு வருஷத்துக்காவது. கேரளத்தில் மாநில நூலகக் கவுன்சிலோடு இணைந்த வாசகசாலைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். உங்கள் பஞ்சாயத்தில் ஒன்றாவது இருக்கும். கிளப் கட்டடத்திலோ ரேஷன் கடை மாடியிலோ இருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலும் சாயங்காலம்தான் திறப்பார்கள், பகலில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இவ்வளவு வாசகசாலைகள் சும்மா முளைத்துவிடவில்லை. 1945-இல் அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்களின் ஆட்களைக் கூட்டி சங்கம் அமைத்தவர் பி.என். பணிக்கர் என்கிற பள்ளி ஆசிரியர். பிறகு ஊர் ஊராகப் போய், 'வாசித்து வளருங்கள்' என்று சொல்லிச் சொல்லியே அதை ஆறாயிரத்தைத் தாண்ட வைத்தார். அந்தச் சங்கத்துக்கு 1975-இல் யுனெஸ்கோவின் க்ரூப்ஸ்கயா விருது கிடைத்தது. 1989-இல் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் வசூலிக்கும் வரியோடு நூலக செஸ்ஸும் (கூடுதல் வரி) வருகிறது. அதாவது, வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் இந்தப் புத்தகங்களுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. போய் எடுத்துப் படிப்பது உங்கள் உரிமை, யாரும் செய்கிற தயவில்லை.

உறுப்பினர் சந்தா ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட வராது. செய்தித்தாளை உறுப்பினர் ஆகாமலே உட்கார்ந்து படிக்கலாம். வீட்டில் பேப்பர் போடுவதை நிறுத்தினால் மாசம் ஒரு தொகை கையில் நிற்கும்.

போய்ப் பார்த்தேன். அலமாரி முழுக்க மலையாளப் புத்தகம். தமிழ் ஒரு தட்டுகூட இல்லை. என்ன செய்வது?

கேளுங்கள். எழுதிக் கேளுங்கள்.

வாசகசாலையை நடத்துவது ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. ஆண்டுதோறும் நூலகங்களுக்குத் தரம் போட்டு, அதற்கேற்ப கவுன்சில் மானியம் தருகிறது. அந்தப் பணத்தில் புத்தகம் வாங்குவது பெரும்பாலும் மாவட்ட நூலகக் கவுன்சில் நடத்தும் புத்தகத் திருவிழாவில். அங்கே தமிழ்ப் பதிப்பகங்களின் கடை குறைவு. கமிட்டிக்காரர்களுக்கோ எந்தத் தமிழ்ப் புத்தகம் வாங்குவதென்று தெரியாது. தட்டு காலியாக இருப்பதற்கு வெறுப்பைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். திருவிழாவுக்கு முன்னாலேயே பத்துப் பதினைந்து தமிழ்ப் புத்தகங்களின் பெயர், பதிப்பகம், விலை எழுதி, நாலைந்து உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். 'தமிழ்ப் புத்தகம் வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. பட்டியல் கொடுத்தால் நடக்கும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ், கன்னட சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ள கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாசகசாலை செயலாளர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. சட்டத்தைக் காட்டிப் பேச வேண்டாம், ஒரு சாயா குடித்துக்கொண்டே பேசினால் போதும்.

தமிழ்நாட்டுப் பக்க நூலகத்தை நாங்கள் பயன்படுத்தலாமா?

உள்ளே உட்கார்ந்து படிக்க யாரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். பொள்ளாச்சி, கோவை நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் நிறைந்து கிடக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் மெட்ராஸ் மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அப்போது பாலக்காடு மலபார் மாவட்டத்தின் பகுதியாக மெட்ராஸில் இருந்தது, நம் சித்தூரோ கொச்சி சமஸ்தானத்து ஊராக இருந்தது. 1956-இல் மொழிவழி மாநிலம் வந்தபோதுதான் எல்லாம் சேர்ந்து கேரளமானது. நம் தாத்தா பாட்டிகள் மூன்று ஆட்சி பார்த்தவர்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினர் ஆக வேண்டும், முகவரிச் சான்று கேட்பார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தபந்தம் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. பொள்ளாச்சியில் இருக்கும் மாமாவையோ சித்தியையோ உறுப்பினர் ஆகச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு எடுத்துப் படிக்கலாம். புத்தகம் தொலைந்தால் பொறுப்பு அவர்கள் தலையில் விழும், அதை மறந்துவிடக் கூடாது. வைப்புத்தொகை சிறியது, விலகும்போது திரும்பக் கிடைக்கும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பொள்ளாச்சிக்குச் சாமான் வாங்கப் போகும் நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமே இல்லை. எப்படிப் படிப்பது?

ஒரு நாளைக்கு 20 பக்கம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 7,300 பக்கம். 250 பக்கப் புத்தகம் என்றால் 29 புத்தகம். இருபது பக்கத்துக்கு அரை மணி நேரம் போதும், அதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை.

அந்த அரை மணி நேரம் எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் போனில். போனைத் திட்டிப் பயனில்லை, இடம் மாற்றுங்கள். படுக்கைப் பக்கத்தில் சார்ஜ் போடுவதைவிட்டுச் சமையலறையில் போடுங்கள். தலையணைப் பக்கம் புத்தகத்தை வையுங்கள். தூக்கம் வருவதற்கு முன் கை எதைத் தொடுகிறதோ அதைத்தான் மனிதர்கள் எடுக்கிறார்கள். இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை, கேட்டவர்களில் செய்து பார்த்தவர்கள் திரும்பி வந்து நன்றி சொன்னதும் இதற்குத்தான்.

காத்திருக்கும் நேரம் அடுத்தது. அக்ஷயா சென்டரில் (அரசு இணையச் சேவை மையம்), தாலுகா ஆஸ்பத்திரியில், ரேஷன் கடை வரிசையில், பஞ்சாயத்து ஆபீசில் நாம் வருஷத்துக்கு எவ்வளவு நேரம் உட்கார்கிறோம்! பையில் ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பு எப்போதும் இருக்கட்டும். நாவல் வேண்டாம். பேரைக் கூப்பிடும்போது பாதியில் விட்டால் சிறுகதைதான் தாங்கும்.

தினமும் கஞ்சிக்கோட்டுக்கு, கோவைக்கு வேலைக்குப் போகிறேன். பயணத்திலேயே பொழுது போய்விடுகிறது.

பாலக்காடு – கோவை ரயில் பாதை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே கழிகிறது. ரயில் வசதிப்படுமானால் மாத சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள் (150 கிலோமீட்டர் வரை தருவார்கள்). தினம் டிக்கெட் எடுப்பதைவிட, பைக்கில் போவதைவிட, எந்தக் கணக்கிலும் இது மலிவு. பைக்கில் போகிறவர் செலவழிப்பது பெட்ரோல் மட்டுமா? படிக்க முடிந்திருக்கக்கூடிய இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துத்தான்.

பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். வேலந்தாவளம் ரோட்டில் சுற்றாவிட்டால்தான் ஆச்சரியம். அவர்கள் காதால் படிக்கட்டும். ஒலிநூல்கள் தமிழில் இப்போது ஏராளம். வீட்டு வைஃபையிலோ பேக் தீரும் முன்போ இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் டேட்டா செலவில்லை.

போனில் இலவசமாகப் படிக்கலாமா? திருட்டு பி.டி.எஃப். அனுப்புகிறார்களே?

அனுப்புவதை வாங்காதீர்கள். தமிழில் எழுதிச் சம்பாதிப்பது ஏற்கெனவே கஷ்டம், உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் வயிற்றில் அடித்து நாம் சிக்கனம் செய்யக் கூடாது. சட்டப்படி இலவசமானதே நமக்கு ஆயுளுக்கும் போதும்.

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் அவர் எழுத்துக்குக் காப்புரிமை தீர்ந்துவிடும். அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமையாக்கிய எழுத்துகளும் நிறைய. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து நவீன உரைநடை வரை தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சுப் பிரதிகளும் இதழ்களும் படம் பிடித்துக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டத்து எழுத்துக்கோப்புகள் சின்ன அளவு, பழைய போனிலும் திறக்கும். படமாக எடுத்த நூல்கள் கனமானவை, அவற்றுக்குக் கம்ப்யூட்டரோ டேப்போ இருந்தால் கண்ணுக்கு நல்லது.

அப்படியென்றால் புத்தகமே வாங்கக் கூடாதா?

வாங்குங்கள், படித்துவிட்டு வாங்குங்கள். நூலகத்தில் படித்து முடித்து, இன்னொரு தடவை படிப்பேன் என்று தோன்றுகிற புத்தகத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குவது நல்ல பழக்கம். அலமாரி சின்னதாக இருக்கும், ஆனால் அதில் இருப்பது எல்லாம் உங்களுடையதாக இருக்கும். மாசம் நூறு ரூபாய் டப்பாவில் போட்டு வைத்தால் கோவைப் புத்தகத் திருவிழா வரும்போது ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்திருக்கும். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசலாம். வாங்கும் முன் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள்.

பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஐம்பது பக்கம் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரவல் புத்தகத்தின் பெரிய வசதி இதுதான்.

சரி, வீட்டுச் செலவுக்கு வருவோம். எங்கிருந்து தொடங்குவது?

அடுப்பிலிருந்து.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்று ஓர் இயக்கம், 1962-இல் தொடங்கியது. அறிவியலை மலையாளத்தில் எழுதி, வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்றே வளர்ந்தவர்கள். 1996-இல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. அவர்களுடைய கிராமத் தொழில்நுட்ப மையம் நம் மாவட்டத்தில்தான், முண்டூரில் இருக்கிறது. அவர்கள் ஊரெல்லாம் பரப்பிய ஒரு பொருள் 'சூடாறாப் பெட்டி'. எனக்கு இதன் மேல் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரிசி வேகத் தேவை சூடு. தண்ணீர் ஒருமுறை கொதித்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் எரிக்கும் கேஸில் பெரும்பகுதி பாத்திரத்திலிருந்து காற்றில் போகும் சூட்டை ஈடுகட்டத்தான் செலவாகிறது. சூடு வெளியே போகாமல் தடுத்துவிட்டால் அடுப்பே வேண்டாம். சூடாறாப் பெட்டி அதைத்தான் செய்கிறது: சுற்றிலும் தெர்மகோல் வைத்த ஒரு பெட்டி, உள்ளே மூடியோடு பாத்திரம். அரிசியை ஐந்து பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் சோறு வெந்திருக்கும். வேக நேரம் எடுக்கும் பாலக்காட்டு மட்டை அரிசிக்குத்தான் இதில் மிச்சம் அதிகம், வெள்ளை அரிசிக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

பெட்டி வாங்க வேண்டாம் என்றால், கெட்டியான அட்டைப்பெட்டிக்குள் வைக்கோலோ பழைய கம்பளியோ திணித்து நடுவில் பாத்திரம் உட்காரும் அளவு குழி விடுங்கள், மேலே ஒரு தலையணை. பாத்திரம் முக்கால் பாகமாவது நிறைந்திருக்க வேண்டும், பாதிப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். கறி, மீனுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். சோற்றையும் பெட்டிக்குள்ளேயே அரை நாள் விட்டுவிடக் கூடாது, வெதுவெதுப்பில் கெட்டுவிடும். பயறு, கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட்டால் குக்கரில் இரண்டு விசில் குறையும்.

கேஸ் மிச்சம் ஒரு பக்கம். அதைவிட எனக்கு முக்கியம், பெட்டியில் சோறு வேகும் நேரத்தில் யாரும் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. பொங்கி வழியாது, அடிப்பிடிக்காது. சமைக்கிறவருக்கு, நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவுக்கோ மனைவிக்கோ, தினம் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. நூலகப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்கச் சரியான நேரம் அதுதான்.

இரவுக்குக் கஞ்சியும் பயறும் ஒரு சம்மந்தியும் (துவையல்) வாரத்தில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். காலைக்குப் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும். இதெல்லாம் நம் ஊர்ச் சாப்பாடுதான், விருந்தாளி வந்தால் மறைக்க வேண்டிய சாப்பாடு இல்லை.

எந்தப் பக்கம் எது மலிவு?

காய்கறிக்கு வேலந்தாவளம் சந்தை. விவசாயிகள் நேராகக் கொண்டுவரும் இடம், வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி இரண்டு வீடு பிரித்துக்கொண்டால் நல்ல லாபம். பருப்பு, மிளகாய், சர்க்கரை மாதிரி மானியப் பொருள்களுக்கு ரேஷன் கார்டோடு கேரள அரசின் மாவேலி ஸ்டோர். சரக்கு வந்த அன்றே போனால்தான் எல்லாம் கிடைக்கும், அதனால் கடைக்காரரிடம் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. எல்லையைத் தாண்டிவிட்டால் அம்மாவும் அக்காவும் அந்த பஸ்ஸுக்கு நிற்கலாம்.

பெட்ரோல் தமிழ்நாட்டில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று அதற்காகவே வண்டியை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: பெட்ரோல் பங்குக்குப் போக வர 20 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 ஓடும் வண்டி, போய் வரவே 40 ரூபாய் பெட்ரோல் எரிகிறது. மூன்று லிட்டர் போட்டு மிச்சம் பிடிப்பது அதில் பாதிகூட வராது. வேறு வேலையாகப் போகும்போது போட்டுக்கொண்டு வாருங்கள்.

சம்பளம் வந்ததும் வாரக் கடன், தவணை என்று போய்விடுகிறது. சிக்கனம் பேசுவதில் அர்த்தம் உண்டா?

உண்டு, ஆனால் கஞ்சி குடித்து இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் வட்டியை நிறுத்த வேண்டும். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி. நூற்றுக்கு மாசம் ஐந்து வட்டி என்றால் வருஷத்துக்கு 60 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்கும்படி பணத்தைத் திருப்புங்கள்.

வீட்டுப் பெண்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் இல்லை என்றால் சேரட்டும். 1998-இல் தொடங்கிய அமைப்பு அது. வாராவாரம் போடும் சேமிப்பிலிருந்தே குறைந்த வட்டிக்கு உள்கடன் கிடைக்கும், வங்கிக் கடனுக்கும் வழி திறக்கும். அதை வாங்கிக் கந்துவட்டியை அடைப்பது புத்திசாலித்தனம். அதை வாங்கி டி.வி. எடுத்தால் இருந்த இடத்துக்கே வந்து நிற்போம். கடன் முடியும்வரை புத்தகத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம், வாசகசாலை போதும்.

ராத்திரி படித்தால் கரண்ட் பில் ஏறுமே?

9 வாட் எல்.இ.டி. பல்பு, தினம் இரண்டு மணி நேரம். கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் பில் வரும் இரண்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு யூனிட் சொச்சம்தான். பில்லை ஏற்றுவது மின்விசிறி. பழைய 75 வாட் விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாசம் 22 யூனிட்டுக்கு மேல், குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி என்றால் 9 யூனிட். வெயிலுக்குப் பெயர் போன பாலக்காட்டில் விசிறி இல்லாமல் முடியாது. பழையது பழுதாகும்போது அடுத்து வாங்குவது இதுவாக இருக்கட்டும்.

மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், இந்தப் பக்கத்தில் வாழ்கிற தமிழர் செய்யக்கூடிய மிக லாபமான காரியம் இதுதான். யோசித்துப் பாருங்கள், பக்கத்து வாசகசாலையில் சில ஆயிரம் புத்தகம் இருக்கிறது, உங்களுக்கும் அதற்கும் நடுவே நிற்பது வெறும் எழுத்து. மொழி ஏற்கெனவே தெரியும். புது மொழி படிக்கிறவருக்கு வருஷக்கணக்கில் ஆகும் வேலை உங்களுக்குச் சில வாரத்தில் முடிந்துவிடும்.

பஸ் போர்டிலிருந்து தொடங்குங்கள். சித்தூர், கொல்லங்கோடு, பாலக்காடு, திருச்சூர்: வண்டி எங்கே போகிறதென்று தெரியும், எழுத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. தமிழில் ஒரே க எழுதும் இடத்தில் அங்கே நாலு எழுத்து வரும், முதலில் அதுதான் குழப்பும். நாலையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம், தெரிந்த சொல்லில் வரும்போது தானாகப் பதியும். கூட்டெழுத்து அடுத்த தடை, அதற்குச் செய்தித்தாள் தலைப்பு நல்ல பயிற்சி. அப்புறம் குழந்தைப் புத்தகம். கேரள அரசின் பாலசாகித்ய நிறுவனம் பெரிய எழுத்தில் அழகாகப் போடுகிறது, வாசகசாலையில் கட்டாயம் இருக்கும்.

வயதைப் பற்றி ஒன்று. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தவர், முதிய வயதில் எழுத்தறிவு வகுப்புக்குப் போய்ப் படித்த சேலக்கோடன் ஆயிஷா.

பிள்ளைகள் மலையாளம் மீடியம். தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை.

இது எனக்கு மனசைப் பிசைகிற விஷயம். அப்பா தமிழில் எழுதிய கடிதத்தை மகனால் படிக்க முடியாத வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

டியூஷன் வைக்க வேண்டாம். தினம் ராத்திரி பத்து நிமிஷம் தமிழில் ஒரு கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், விரல் வரியின் மேல் நகரட்டும். பிள்ளைக்கு மலையாள எழுத்து தெரியுமென்றால் தமிழ் எழுத்துப் பாதி தெரிந்த மாதிரி, எண்ணிக்கையும் குறைவு. கதையைச் சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டு மீதியை அவனே படிக்கட்டும் என்று விடுங்கள். தப்பாகப் படித்தால் உடனே திருத்தாதீர்கள்.

பள்ளியில் ஜூன் 19 பணிக்கர் நினைவுநாளில் வாசிப்பு தினம் தொடங்கி ஜூலை 7 வரை பக்ஷாசரணம் என்கிற வாசிப்பு விழா நடக்கும். அந்த நாட்களில் வகுப்பில் தமிழ்க் கதை ஒன்றைப் பிள்ளை வாசிக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கேட்கிற காதுகள் நிறையவே இருக்கும்.

பாட்டியால் வாசகசாலை வரை நடக்க முடியாது. அம்மாவுக்கு வெளியே வர நேரமில்லை.

பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து தரும் திட்டம் நூலகக் கவுன்சிலிடம் உண்டு. எல்லா வாசகசாலையிலும் நடக்காது, உங்கள் ஊரில் நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஸ்கூல் விட்டு வரும் பேத்தியிடம் பை கொடுத்து அனுப்புங்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பாட்டி சொன்னால் முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். வாசிப்பை விட்டுவிட்டதாகச் சொல்லும் முதியவர்களில் பலருக்கு வேண்டியிருப்பது கண்ணாடிதான்.

படித்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு. புத்தகத்தின் பெயர், முடித்த தேதி, உங்களைத் தொட்ட ஒரு விஷயம், நாலு வரி. அதற்கு மேல் எழுத வேண்டாம், எழுதினால் வாசிப்பே ஹோம்வொர்க் ஆகிவிடும். படித்ததை யாரிடமாவது சொல்வது இன்னும் நன்றாக நிற்கும்.

மழைக்காலத்தில் புத்தகம் பூஞ்சை பிடிக்கிறது, கரையான் வேறு.

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், தரையிலிருந்தும் உயர்த்துங்கள். காய்ந்த வேப்பிலை நல்லது, ஈர இலை வைத்தால் அதுவே பூஞ்சை கொண்டுவரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் புத்தகங்களை எடுத்துப் புரட்டி நிழலில் காற்றாட வையுங்கள். தினம் கை படுகிற புத்தகத்தைக் கரையான் அவ்வளவாக அண்டாது.

எங்கள் பக்கத்தில் வாசகசாலையே இல்லை. நாங்களே தொடங்கலாமா?

தொடங்கலாம். கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணை, ஓர் இரும்பு அலமாரி, ஒவ்வொரு வீட்டிலும் படித்து முடித்த ஐந்து புத்தகம், ஒரு பதிவு நோட்டு. யார் எடுத்தார்கள், எப்போது தர வேண்டும் என்று எழுதுவதற்கு ஒரே ஆள் பொறுப்பாக இருக்கட்டும், 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் மூன்று மாசத்தில் அலமாரி காலியாகும். இரண்டு மொழிப் புத்தகமும் வையுங்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம், சொன்ன நேரத்துக்குத் திறங்கள்.

ஒரு வருஷம் ஒழுங்காக நடந்தால், பொதுக்குழு கூட்டி கமிட்டி அமைத்து, சித்தூர் தாலுகா நூலகக் கவுன்சில் ஆபீசில் இணைப்புக்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். புத்தக எண்ணிக்கை, உறுப்பினர் பதிவு, வரவு செலவுக் கணக்கு எல்லாம் பார்ப்பார்கள், அதனால் முதல் நாளிலிருந்தே ரசீதுகளைக் கிழித்துப் போடாமல் வையுங்கள். இணைப்புக் கிடைத்தால் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது முதல் புத்தகப் பட்டியலிலேயே தமிழுக்கு ஒரு பங்கு எழுதி வைத்துவிடுங்கள்.